எந்த உறுப்பு என்று எழுதவில்லை

ஜூன் 12

இன்று ஒரு டாக்டரிடம் சண்டை போட்டேன். ஜெயித்தது நான்தான் என்று எங்காவது எழுதிவைக்க வேண்டும் போலிருந்தது. உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. அதற்கும் ஒரு வேலை வந்தது.

இசக்கிக்கு எட்டாம் மாத ஸ்கேன். எங்கள் ஊரில் இருப்பது ஒரே ஒரு ஸ்கேன் சென்டர். சுவரில் பெரிய போர்டு: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது, கேட்பதும் குற்றம். அதற்குக் கீழேதான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நல்ல சட்டம். போன மகளிர் தினத்தில் கல்லூரியில் அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். மாணவிகளும் எழுந்து போகாமல் கேட்டார்கள். கதவுப் பக்கம் துறைத்தலைவர் நின்றிருந்தார் என்பது வேறு விஷயம்.

டாக்டர் ஜெபராணி என்னை உள்ளே கூப்பிட்டபோது இசக்கி பாத்ரூம் போயிருந்தாள்.

"குழந்தை நல்லாருக்கு சார். அடிவயித்துல ஒரு நீர்க்கட்டி தெரியுது. நாலு சென்டிமீட்டர்."

"எந்த உறுப்புல?"

"வயித்துக்குள்ள. இப்ப அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"குடலா, கிட்னியா?"

"அதெல்லாம் நல்லாருக்கு."

"அப்ப மிச்சம் என்ன இருக்கு?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடைசி பெஞ்சு மாணவனை நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை. "பிறந்தப்புறம் பாத்துக்கலாம் சார். பெரும்பாலும் தானாச் சுருங்கிரும், பயப்படாதீங்க. ஆனா பிறந்த முதல் வாரமே ஒரு ஸ்கேன் எடுத்துருங்க. மறந்துராதீங்க."

நான் விடவில்லை. நோயாளிக்குத் தகவல் அறியும் உரிமை உண்டு, உடல் எங்களுடையது, மருத்துவம் என்ன மந்திரமா மறைத்து வைக்க என்று ஆரம்பித்தேன். அவர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பதில் சொல்ல முடியாதவர்கள் மணி அடிப்பார்கள்.

ரிப்போர்ட்டில் 'சிசுவின் வயிற்றுக்குள் நீர்க்கட்டி' என்று ஒரு வரி. எந்த உறுப்பு என்று எழுதவில்லை. இசக்கி வெளியே வந்து, "என்ன சொன்னாவ அத்தான்?" என்றாள். "ஒண்ணும் சொல்லல. அதான் பிரச்சினையே" என்றேன்.

ஜூன் 14

நலப்பணிகள் இணை இயக்குநருக்கு மூன்று பக்கத்தில் மனு. 'சிசுவின் எந்த உறுப்பில் கட்டி உள்ளது என்பதை மேற்படி மருத்துவர் வேண்டுமென்றே மறைக்கிறார். அதை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க உத்தரவிட வேண்டும்.' பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

நான் அரசு கலைக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்றால் மே மாதம் சம்பளம் கிடையாது என்று அர்த்தம். அதற்கும் மனு போட்டிருக்கிறேன். தெருவிளக்குக்கு, ரேஷன் கடைக்கு, பஸ் நிற்காததற்கு என்று இதுவரை போட்டவற்றில் தெருவிளக்கு மட்டும் எரிந்தது. அதுவும் இரண்டு வாரம்.

மனுவைப் படித்துக் காட்டியதும் இசக்கி கேட்டாள், "இதுல பிள்ளைக்கு என்ன பண்ணணும்னு ஒண்ணும் இல்லியே?"

இவள் என் மாமா மகள். சாதி மறுப்புத் திருமணம் பற்றி ஆறு வருடம் மேடையில் பேசிவிட்டு சொந்த மாமன் மகளைக் கட்டிக்கொண்டவன் நான். மேடையில் பேசினால் தொண்டை கட்டும், சுக்குக் காபி வைத்துத் தர ஆள் வேண்டும் என்று என் அம்மா அப்போது சொன்னாள். கொள்கைக்குச் சுக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2

காலை பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம்.

அம்மா "பொண்ணா" என்று கேட்டுவிட்டு ஒரு டம்ளர் காபி ஆறும் நேரம் பேசாமலிருந்தாள். அவளை நினைத்து வெட்கப்பட்டேன். எனக்கு மகிழ்ச்சி. அது இரண்டு நிமிடம் தாமதமாக வந்தது, தூக்கக் கலக்கம்.

ஆகஸ்ட் 7

இசக்கி, பிள்ளையோடு மாமா வீட்டில் இருக்கிறாள். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது, நன்றாகத் தூங்குகிறது, என் விரலைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது. போராட்டக் குணம்.

"அந்தக் கட்டிய ஸ்கேன் எடுத்துப் பாக்க வேண்டாமா அத்தான்? எப்ப வரச் சொன்னாவ?"

குறிப்பாகச் சொல்லவில்லை என்றேன். எழுத்தில் தரவில்லை, அந்த அர்த்தத்தில் இது உண்மைதான். தவிர, ஒருவர் மேல் மனு நிலுவையில் இருக்கும்போது அவரிடமே போய் நிற்பது முறையல்ல. அந்த அம்மாளுக்கு இந்நேரம் நோட்டீஸ் போயிருக்கும். பிள்ளையை நீட்டிக்கொண்டு போனால் சமரசத்துக்கு வந்துவிட்டான் என்று நினைப்பார்.

அத்தையும், "முப்பது நாள் கழியாம பச்சப்பிள்ளைய வாசல் தாண்ட விடமாட்டேன்" என்றார். மூடநம்பிக்கை. வழக்கமாக இதற்கு நான் அரை மணி நேரம் பேசுவேன். இன்று பெரியவர்கள் மனம் நோக வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 16

இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து கடிதம். புகார் ஏற்கப்பட்டது, மருத்துவரிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது. மூன்று நண்பர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு பேர் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள். ஒருவன், 'பிள்ளைக்குக் கட்டி எப்படி இருக்கு?' என்று கேட்டிருக்கிறான். சில பேருக்கு எதைப் பேச வேண்டும் என்றே தெரியாது.

ஆகஸ்ட் 24

விடிந்ததிலிருந்து அழுகை. குடித்த பாலெல்லாம் வாந்தி. வயிறு ஒரு பக்கம் மேடாக இருப்பதாக இசக்கி சொன்னாள். பால் வாயுவாக இருக்கும் என்றேன். பொருளாதாரம் படித்தவன் சொல்கிறேன்.

அவள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. அத்தையிடமும் கேட்கவில்லை. பிள்ளையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டாள். "கார் வரச் சொல்லியிருக்கேன். வாரதுன்னா வாங்க."

முப்பது கழியவில்லை என்று அத்தை வாசலில் நின்றார். "கழியறதுக்குப் பிள்ளை இருக்கணும்லாம்மா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

ஆகஸ்ட் 25

பெரியாஸ்பத்திரி. குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டு. நேற்றே ஸ்கேன் எடுத்தார்கள். இன்று காலை டாக்டர் காஜா மொய்தீன் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். சின்ன வயசுதான், என்னைவிட நான்கைந்து வருடம் மூத்தவராக இருக்கலாம்.

"இடது சினைப்பையில நீர்க்கட்டி. ஆறரை சென்டிமீட்டர். தாயோட ஹார்மோன் பிள்ளைக்குப் போறதால இப்படி வரும். நிறையப் பிள்ளைகளுக்கு வரும், சில மாசத்துல தானாப் போயிரும். சின்னதாயிருந்து உள்ள வெறும் தண்ணியா இருந்தா நாங்க கத்தியே எடுக்க மாட்டோம். அப்பப்ப ஸ்கேன் பாத்துக்கிட்டே இருப்போம். இது பெருசாகி, தன் பாரத்துல தானே முறுக்கிக்கிட்டிருக்கு. உள்ள கசடு படிஞ்சு தெரியுது. நாளைக்கே ஆபரேஷன் பண்ணணும்."

நான் எழுந்தேன். இந்த இடத்துக்காகத்தான் ஜூன் மாதத்திலிருந்து காத்திருந்தேன். "சார், இத ஸ்கேன் டாக்டர் பிறக்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். வயித்துக்குள்ள கட்டின்னு மொட்டையா எழுதிட்டாங்க. சினைப்பைன்னு ஒரு வார்த்தை எழுத என்ன தடை? நான் புகாரே கொடுத்திருக்கேன்."

டாக்டர் மொய்தீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சினைப்பை யாருக்கு சார் இருக்கும்?"

"யாருக்குன்னா... பெண்களுக்கு."

"அப்ப, வயித்துல இருக்கிற பிள்ளைக்குச் சினைப்பையில கட்டின்னு எழுதினா என்ன அர்த்தம்?"

எனக்குப் பக்கத்தில் இசக்கி "ஐயோ" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது.

"அந்தம்மா எழுதியிருந்தா லைசென்ஸ் போயிருக்கும்" என்றார் டாக்டர். "நீங்க என்ன வேலை பாக்குதீங்க?"

சொன்னேன். "ஓ" என்றார். அதில் கௌரவம் இல்லை.

ஆக, நாட்டிலேயே, பிறக்காத பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல் எனப் பதிவுத் தபாலில், கையெழுத்துப் போட்டு, அரசாங்கத்துக்கே மனுக் கொடுத்த ஒரே மகளிர் தினப் பேச்சாளன் நான்தான். ஒப்புகைச் சீட்டுகூடப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அம்மா போனில் கேட்டாள், "தாயோட ஹார்மோனுன்னா? அவ அன்னாசிப்பழம் தின்னாளே, அதுவா?" போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26

காலையில் சம்மதக் கையெழுத்து. முடிந்தால் கட்டியை மட்டும் எடுப்பார்கள், சினைப்பை கெட்டுப்போயிருந்தால் அதையும் எடுப்பார்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டே நான் கேட்டேன், "நாளைக்குக் கல்யாணம், குழந்தைன்னு..."

பிள்ளைக்கு வயது இருபத்துநாலு நாள்.

"ஒண்ணு போதும் சார். வயசுக்கு வரவும் பிள்ளை பெறவும் ஒண்ணு போதும்" என்றார் டாக்டர். இசக்கி என் கையிலிருந்து பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷனுக்கு முன் பால் கொடுக்கக் கூடாது. பிள்ளைக்கு இதைப் புரியவைக்க முடியாது. அது கத்தக் கத்த இசக்கிக்குப் பால் சுரந்து சட்டை நனைந்தது. இவளிடமிருந்தால் வாசனைக்கே அழும், நீங்க வச்சிருங்க என்று நர்ஸம்மா என்னிடம் கொடுத்துவிட்டார். வராந்தாவில் நடந்தேன். தாலாட்டுத் தெரியாது. பணவீக்கத்தின் காரணங்களைச் சொன்னேன். நான்காவது காரணத்தில் அமைதியாகிவிட்டது. என் வகுப்பில் எல்லோருக்கும் அப்படித்தான்.

உள்ளே கொண்டுபோன பிறகு துறைத்தலைவர் தனுஷ்கோடி சார் போன் செய்தார்.

"என்னப்பா செந்தூர்பாண்டி, பிள்ளைக்கு ஆபரேஷனாமே? என்ன விஷயம்?"

"குடலிறக்கம் சார்."

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. யோசித்துச் சொல்லவில்லை. போனில் விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை, அதுதான் காரணம். அம்மாவுக்குப் போன் செய்து, யார் கேட்டாலும் குடலிறக்கம் என்றே சொல்லச் சொன்னேன். அதுவும் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக. "நான் நேத்தே அப்படித்தான் சொல்லிட்டேன்" என்றாள் அம்மா. அவளும் நானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது இதுவே முதல் தடவை.

எடுத்ததைச் சொந்தக்காரர்களுக்குக் காட்ட வேண்டும், அது இங்கே வழக்கம். தியேட்டர் கதவைத் திறந்து "இசக்கியம்மாள் குழந்தையோட ஆளு" என்று கூப்பிட்டார்கள். சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில், சுட்ட கத்தரிக்காயின் தோல் போல, கறுப்பாகச் சுருண்டு ஏதோ கிடந்தது.

"தொப்புள் வழியாவே எடுத்துட்டோம். ரெண்டரைச் சுத்து முறுக்கியிருக்கு. சினைப்பை செத்துப்போச்சு, காப்பாத்த முடியல. வலது பக்கம் நல்லாருக்கு. பிள்ளையும் நல்லாருக்கு."

"எப்ப முறுக்கியிருக்கும் டாக்டர்?"

"சொல்ல முடியாது. தாய் வயித்துக்குள்ளயே முறுக்கியிருக்கலாம். பிறந்தப்புறமும் இருக்கலாம்."

தாய் வயிற்றுக்குள்ளேயேதான் இருக்கும்.

ஆகஸ்ட் 29

பிள்ளை பால் குடிக்கிறது. தொப்புளில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி, அவ்வளவுதான். அழுகையில் பழைய அதிகாரம் வந்துவிட்டது.

தனுஷ்கோடி சார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கட்டிலருகே நின்று, "குடலிறக்கமெல்லாம் ஒண்ணுமே இல்லம்மா. என் பேரனுக்கும் பண்ணுனோம். பொம்பளப் பிள்ளைக்கு வாரதுதான் அபூர்வம்" என்றார்.

இசக்கி என்னைப் பார்த்தாள். நான் ஆரஞ்சை எண்ணினேன்.

"குடலிறக்கம் இல்ல சார். ஓவரியில கட்டி. முறுக்கிக்கிட்டு. இடது ஓவரிய எடுத்துட்டாவ."

சார் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார். "அப்படியா. சரி சரி." பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளிய சொல்லாதம்மா. பொம்பளப் பிள்ள. நாளப்பின்ன நாலு இடத்துல கேப்பாங்க பாரு."

"நாலு இடத்துல கேட்டா நாலு இடத்துலயும் இதத்தான் சார் சொல்லுவேன். வயித்துவலின்னு அவ நாளைக்கு எந்த டாக்டர்ட்ட போனாலும் இது தெரிஞ்சிருக்கணும்லா? வீட்டுல குடலிறக்கம்னு சொல்லி வளத்தா அவளும் அங்க போயி அதத்தான் சொல்லுவா."

சார் போனதும் எனக்குக் கோபம் பொங்கியது. என்ன மாதிரி சமூகம் இது, படித்தவனே இப்படிப் பேசினால் என்று ஆரம்பித்தேன்.

"அவுக என்ன செய்வாவ அத்தான்," என்றாள். "அவுகளுக்குக் குடலிறக்கம்னு சொன்னது யாரு?"

ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். நாரையெல்லாம் எடுத்துவிட்டு.

செப்டம்பர் 9

மனுவை வாபஸ் வாங்க இணை இயக்குநர் அலுவலகம் போனேன். அங்கிருந்த கிளார்க், "வாபஸ் வாங்கறதுக்கும் மனுக் கொடுக்கணும் சார்" என்றார். நின்றபடியே எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதியதில் மிகச் சிறிய மனு இதுதான். 'எனக்கு விஷயம் தெரியாது' என்ற வரியை இரண்டு தடவை அடித்துவிட்டு மூன்றாவது தடவை எழுதினேன்.

"இவ்வளவுதானா?" என்றார். என்னை அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அக்டோபர் 6

ஆபரேஷனுக்குப் பிறகு எடுக்க வேண்டிய ஸ்கேன். ஊரில் ஒரே இடம்தான். போனோம்.

வேறு யாராவது டியூட்டியில் இருப்பார்கள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். டாக்டர் ஜெபராணிதான் இருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. பிள்ளையின் வயிற்றில் தடவும் பசையைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டுத் தடவினார். பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது. துரோகி.

"மன்னிச்சிருங்க டாக்டர். மனுவ வாபஸ் வாங்கிட்டேன்."

"தெரியும் சார். நான் விளக்கம் எழுதிக் கொடுத்து ரெண்டு நாள் கழிச்சு உங்க வாபஸ் வந்துச்சு." திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கர்ப்பிணிகளுக்கு ஒருநாளும் திருப்பாத திரை. "இப்ப எல்லாம் சொல்லலாம். பாருங்கம்மா, இது வலது ஓவரி. ரொம்ப நல்லாருக்கு."

எனக்குத் தெரிந்தது மழையில் நனைந்த சிமெண்டுத் தரைதான். இசக்கிக்குத் தெரிந்துவிட்டது. "உளுந்து மாதிரி இருக்கு" என்றாள். பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஆஸ்பத்திரித் தாளைப் புரட்டினார். "இருபத்திரண்டாம் நாளா காட்டுனீங்க? முதல் வாரமே வரச் சொன்னேனே சார்."

நான் பசை பாட்டிலைப் பார்த்தேன்.

"அப்ப வந்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கலாம்" என்றார் டாக்டர், கொஞ்சம் அவசரமாக. "உள்ளயே முறுக்கியிருந்தா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. தெரியாது அது. யாருக்கும் தெரியாது." பிறகு இசக்கியிடம், "மூணு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன். ஜனவரி எட்டாம் தேதி வாங்க" என்றார்.

வெளியே வந்தோம். அதே போர்டு, அதே பெஞ்சு. இசக்கி உட்கார்ந்து பிள்ளைக்குத் தொப்பி மாட்டினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும். எனக்குப் பதில் சொல்லத் தெரியும். அதை மட்டும் எட்டு வருடமாகப் பழகியிருக்கிறேன்.

ஆட்டோவில் ஏறிய பிறகு பேசினாள்.

"அன்னைக்கு நான் பாத்ரூம் போயிருந்தேன், இல்லியா?"

"ஆமா."

"இனிமே எவ்வளவு முட்டினாலும் போகமாட்டேன்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "பிள்ளைக்கு என்ன சார்?" என்றார். இசக்கி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடது சினைப்பையில கட்டி," என்றேன். "முறுக்கிருச்சு. எடுத்துட்டாங்க. நான் முதல் வாரமே ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருக்கணும். போகல."

கேட்டது ஒன்றுதான், நான் சொன்னது மூன்று மடங்கு. ஆட்டோக்காரர் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே ஓட்டிக்கொண்டு போனார்.

அக்டோபர் 7

தாய் வயிற்றுக்குள்ளேயேதான் இருக்கும் என்று ஆகஸ்டில் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. கிடக்கட்டும்.

சமையலறைக் காலண்டரில் ஜனவரி 8ஐச் சுற்றி இசக்கி வட்டம் போட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன். வட்டத்துக்குப் பக்கத்தில் 'நான்' என்று மட்டும் எழுதியிருந்தது.

அவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "நானும் வரலாமா?" என்று கேட்டேன்.

தொட்டில் துணியை விலக்கிப் பிள்ளையைப் பார்த்தாள்.

"பையத் தூக்க ஒரு ஆள் வேணும்," என்றாள். "டாக்டர் பேசும்போது வெளிய நிக்கணும்."

சரி என்றேன்.